நிழலும் தீர்ப்பும்

அறிவு வளருந்தோறும் அறமும் உடன் வளர்தல் வேண்டும். கண்டறியும் ஆற்றல் முந்திச் சென்று, கண்டதைக்கொண்டு என் செய்வது என்னும் தெளிவு பிந்தி நிற்குமாயின், அவ்வறிவே மனிதனுக்குச் சுமையாகிவிடும். குறைமாதக் குழந்தையின் மூளைக் காயத்தைக் கேளா ஒலியால் படம்பிடித்துக் காணும் மருத்துவ முறை இவ்வுண்மையை நன்கு விளக்குகிறது.

32 வாரங்கள் நிறையுமுன் பிறக்கும் குழந்தையின் மூளையில், நீர் நிறைந்த அறைகளின் ஓரமாக, மிக மெல்லிய இரத்தக் குழாய்கள் செறிந்திருக்கும். அவை உடைந்து குருதி கசியுமாயின், பெரும்பாலும் பிறந்த முதல் மூன்று நாள்களுக்குள்ளேயே அது நிகழ்ந்துவிடும். 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லூ ஆன் பப்பீல் குழுவினர், 1,500 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த 46 குழந்தைகளின் மூளையைக் கணினிவழி எக்ஸ்-கதிர்ப் படத்தால் ஆராய்ந்தனர். 20 குழந்தைகளிடம் குருதிக் கசிவு காணப்பட்டது. கசிவுற்றும் உயிர் பிழைத்தவர்களுள் பெரும்பாலோரிடம் அதற்குரிய வெளி அறிகுறி எதுவுமே தென்படவில்லை. கசிவின் அளவை நான்கு படிகளாக வகுத்துக் காட்டியதும் அவ்வாய்வே.

அடுத்த ஆண்டில், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி மருத்துவமனையைச் சேர்ந்த கேரன் பேப், ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸ் முதலியோர், இக்காயத்தைக் கேளா ஒலியாலும் காணலாம் என்று 'லான்செட்' இதழில் எழுதினர். குழந்தையை இன்குபேட்டரிலிருந்து எடுத்துச் செல்ல வேண்டியதில்லை. எக்ஸ்-கதிர் படவும் வேண்டியதில்லை. எலும்பு மூடாத உச்சிக்குழியே பின்னர் இம்முறைக்குப் பலகணியாயிற்று. தாய் எண்ணெய் தொட்டு வைக்கும் அதே இடத்தின் வழியே மருத்துவர் மூளையைக் காண்கிறார்.

கண்டபின் என் செய்வது? கசிந்த குருதியை மீண்டும் குழாய்க்குள் செலுத்த மருந்தில்லை. நீரறைகள் வீங்கினால் நீரை வடிக்கலாம். அழிந்த திசுவை மீட்க இயலாது. ஆயின், பெற்றோரிடம் மறைத்துவிடலாமா? தீங்கற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்று வள்ளுவர் கருதினார். ஆனால் இங்கே மறைப்பதால் நன்மை விளைவதில்லை. உண்மை அறிந்த பெற்றோர் குழந்தையின் கையசைவையும் நடையையும் உற்று நோக்குவர். பயிற்சியை உரிய காலத்தில் தொடங்குவர். மறைத்தல் அந்தக் காலத்தைத் திருடுவதாகும்.

மறைப்பது ஒரு பிழையெனின், படத்தைத் தீர்ப்பாக ஓதுவது மற்றொரு பிழை. முதலிரு படிகளில் கசிவுற்ற குழந்தைகளுள் பலர் பெரிய குறையின்றி வளர்கின்றனர். நான்காம் படியிலும், காயம் ஒருபுறத்தோடு நின்றால், குழந்தை ஒரு பக்கத் தளர்ச்சியோடு நடக்கவும் பேசவும் பயிலக்கூடும். இதற்கு மறுதலையும் உண்டு. 1,000 கிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்து, கேளா ஒலிப் படத்தில் குறையேதும் காணப்படாத குழந்தைகளைப் பற்றி 2005இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அவர்களுள் ஏறத்தாழ 30 விழுக்காட்டினருக்குப் பெருமூளை வாதமோ அறிவு வளர்ச்சிக் குறைவோ பின்னர் தென்பட்டது. படம் காட்டுவது காயத்தின் நிழலை. வாழ்வின் வடிவத்தை அன்று.

எனினும், மூச்சுக்கருவியைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் வினா சிலவேளை எழத்தான் செய்யும். மூளையின் இருபுறமும் பெருங்காயம் பரவி, பிற உறுப்புகளும் தளர்ந்துவிட்ட நிலையில், சிகிச்சையை நீட்டிப்பது துன்பத்தை நீட்டிப்பதாகவே முடியலாம். அந்நிலையில் விடைகொடுப்பதும் அன்பின் செயலே. ஆனால் அம்முடிவு ஒருநாள் எடுத்த ஒரே படத்தின்மேல் நிற்றல் ஆகாது. மீண்டும் மீண்டும் பார்த்து, குழந்தையின் முழுநிலையையும் எண்ணி, பெற்றோரோடு அமர்ந்து பேசியே எடுத்தல் வேண்டும். அறிந்ததை அறிந்த அளவிலேயே சொல்லுதலும், அறியாததை அறியோம் என்று ஒப்புதலும் மருத்துவர்தம் வாய்மையாகும்.

இக்கடமை மருத்துவமனை வாயிலோடு முடிவதன்று. அக்குழந்தை ஏழாண்டுகளில் நம் வகுப்பறைக்கு வரும். அதன் மருத்துவக் குறிப்பைப் படித்து உதவி செய்வது ஆசிரியர் கடமை. அக்குறிப்பைக்கொண்டே அதன் எல்லையை வரைந்துவிடுவது அநீதி. எழுதத் தடுமாறும் அக்கைக்கு இன்னும் சற்று நேரம் கொடுப்போம்.