தொப்பியைக் கழற்றிய கைதி

வயிறு நிறைந்திருக்கும்போது நல்லவராக இருப்பது எளிது. பசியும் குளிரும் நெருக்கும்போதுதான் யார் எப்படி என்பது வெளிப்படுகிறது. நல்ல கதாசிரியர்கள் மனிதனை அந்த விளிம்பில் கொண்டுபோய் நிறுத்துவது அவனை வதைக்க அல்ல. பூச்சு உதிர்ந்த முகத்தை நமக்குக் காட்ட.

1962-இல் வெளிவந்த, ரஷ்ய எழுத்தாளர் சோல்ஷெனிட்சினின் ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒரு நாள்’ நாவலில், ஸ்டாலின் காலத்து உழைப்பு முகாமில் கைதியாகக் கிடக்கிறான் இவான் டெனிசோவிச் ஷூகோவ். ரொட்டித் துண்டை மெத்தைக்குள் ஒளித்துத் தைக்கிறான். கூடுதல் கஞ்சிக்காகச் சமையல்காரனை ஏமாற்றுகிறான். அதே ஷூகோவ், எவ்வளவு குளிரானாலும் தொப்பியைக் கழற்றாமல் சாப்பிடுவதில்லை. வேலை நேரம் முடிந்த பின்னும், குழைத்த சாந்து வீணாகக் கூடாதென்று நின்று சுவருக்குக் கல் வைக்கிறான். இரவில், கிடைத்த பிஸ்கட்டில் ஒன்றைப் பக்கத்துப் படுக்கைக்காரனிடம் நீட்டுகிறான். களவும் கண்ணியமும் ஒரே உடம்பில்! ஒன்று பொய், மற்றது மெய் என்று பிரிக்க முடியாது, இரண்டும் அவன்தான்.

நம் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ சிறுகதையில் வரும் அம்மாளுவும் அப்படித்தான். அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால்கஞ்சி வேண்டும். அதற்கான காசுக்காக ஒருவனோடு இருட்டுச் சந்துக்குள் போகிறாள். கற்பு பற்றி வாய்கிழியப் பேசியவர்களுக்கு அவள் முன்னால் நா எழாது.

இரண்டையும் தேடிப் படியுங்கள். ‘பொன்னகரம்’ சில பக்கங்கள்தான்.