சேர்வராயன் குகையும் செப்புத்தகட்டுப் படமும்

ஒரு பொருள் பொய் என்று தெளிந்த பின்னும் அதன்மேல் வைத்த ஆசை குறையவில்லையானால், அந்த ஆசையை அஞ்ஞானம் என்பதா, அன்பு என்பதா? கயிற்றைப் பாம்பென்று மயங்கி நடுங்கியவன் விளக்கு வந்ததும் நடுக்கம் தீர்ந்து நிற்கிறான் என்று வேதாந்திகள் நெடுங்காலமாகத் திருஷ்டாந்தம் சொல்லி வருகிறார்கள். விளக்கு வந்த பின்னும், கயிறுதான் என்று ஐயமற அறிந்த பின்னும், அந்தப் பாம்பையே விலை பேசி வாங்கிக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளும் ஒரு வர்க்கத்தாரை அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய தேசப்படங்களைச் சேகரிப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

இந்துஸ்தானத்தின் படத்தை 1782-ல் வெளியிட்டுப் பெரும்புகழ் பெற்ற ஜேம்ஸ் ரென்னல், 1798-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் காங் என்றொரு மலைத்தொடரை வரைந்து காட்டினார். அப்படியொரு மலைத்தொடரே கிடையாது. 1880-களின் இறுதியில் ஒரு பிரெஞ்சு அதிகாரி நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும் வரையில், ஒருவர் படத்தைப் பார்த்து இன்னொருவராக அந்த இல்லாத மலையை வரைந்துகொண்டே இருந்தார்கள். இன்று அந்த மலை இருக்கிற தாளைத்தான் சேகரிப்பவன் தேடி அலைகிறான். பிழையில்லாத படமோ பழைய காகித விலைக்குக்கூடப் போவதில்லை.

எங்கள் சேலம் ஜில்லாவுக்கு இவ்வகைப் புகழ் வாய்க்கவில்லை, ஏனெனில் சேர்வராயன் மலை உண்மையிலேயே இருக்கிறது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்புவிடமிருந்து சேலமும் பாரமகாலும் கும்பினியார் கைக்கு வந்தன. அதற்குப் பத்தாண்டுகளுக்குப் பின், 1802 ஏப்ரலில், வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, முக்கோணத்தின்மேல் முக்கோணமாகத் தென்னாட்டை அளக்கத் தொடங்கினார். மலையில்லாத தஞ்சைச் சமவெளியில் அவருக்குக் கோயில்களே மலைகளாயின. 1808-ல் அரை டன் எடையுள்ள தம் தியோடலைட் கருவியைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கிற்று என்பது வரலாறு. கீழே நின்று நோக்கித் தொழுவதற்கென்று ராஜராஜன் எழுப்பிய விமானம், மேலே நின்று நாட்டை நோக்குவதற்கு உரிய பீடமாக ஒரு நாள் கருதப்பட்டதே, அதை எண்ணுந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இப்படி அளந்த அளவுகளெல்லாம் லண்டனுக்குப் போய், 4 மைலுக்கு 1 அங்குலம் என்ற அளவில் ‘இந்தியன் அட்லாஸ்’ என்ற பெயரோடு 1827 முதல் தாள்தாளாக வெளிவரலாயின. சேலம் கலெக்டர் காக்பர்ன் சேர்வராயன் மலைமேலுள்ள ஏர்க்காட்டில் காப்பிச் செடியை ஊன்றிப் பார்த்ததும் அந்த 1820-களில்தான். அந்தத் தாள்களுக்குச் செப்புத்தகடு செதுக்கிய லண்டன் சிற்றுளிக்காரன் ஏர்க்காட்டின் பனியையோ காப்பிப் பூவின் மணத்தையோ அறியான். அவன் வேலையோ முழுக்க முழுக்கத் தலைகீழ். தகட்டில் வலம் இடமாகச் செதுக்கினால்தான் தாளில் நேராக விழும் ஆதலால், சேலத்துக்கு வடகிழக்கே இருக்கிற ஏர்க்காட்டை அவன் வடமேற்கே நிறுத்தியாக வேண்டும். மலையை அக்காலத்தில் சமஉயரக் கோடுகளால் காட்டவில்லை. சரிவு இறங்கும் திசையிலேயே மயிரிழை போன்ற கீற்றுகளை இழுத்து, செங்குத்தான இடத்தில் நெருக்கியும் சாய்வான இடத்தில் தளர்த்தியும் நிழல் எழுப்பினார்கள். ஈரப்படுத்திய தாளை மையேற்றிய தகட்டின்மேல் விரித்து உருளைக்கடியில் அழுத்தும்போது, படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு பள்ளமாகப் பதிந்துவிடும். தேர்ந்த சேகரிப்பாளன் படத்தைப் பார்க்குமுன் அந்தப் பள்ளத்தைத்தான் விரல் நுனியால் தடவிப் பார்க்கிறான்.

செம்பு மென்மையான உலோகமாதலால் திருத்தவும் இடம் கொடுக்கும். தவறான இடத்தைத் தகட்டின் பின்புறத்திலிருந்து சுத்தியலால் தட்டி மேடாக்கி, வழித்துச் சமன்செய்து, மறுபடி செதுக்குவார்கள். பிற்காலத்தில் ரயில் பாதைகளும் இப்படிப் பழைய தகட்டிலேயே ஏறின. எவ்வளவு வழித்தாலும் முந்தைய கோடு சிற்சில தகடுகளில் மங்கலாகத் தொடர்ந்து விழும். கர்மம் கழிந்த பின்னும் வாசனை கழியவில்லை என்று நம் பெரியோர் சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான சாட்சியை நான் கண்டதில்லை.

சேர்வராயன் மலையின் உச்சிக்கருகே, ஏறக்குறைய 5,300 அடி உயரத்தில், சேர்வராயன் கோயில் இருக்கிறது. காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்களென்று தம் பூர்வோத்தரம் சொல்லும் மலையாளிப் பழங்குடி மக்கள், மே மாதத் திருவிழாவுக்கு அங்கே திரள்கிறார்கள். நாற்றிசையும் திறந்து கிடக்கும் மேட்டுவெளியில் நின்றுவிட்டு, குனிந்து நுழைய வேண்டிய இருண்ட குகைக்குள் போனால், சேர்வராயனும் காவேரியம்மனும் பக்கத்தில் பக்கத்தில் எழுந்தருளியிருக்கிறார்கள். அவன் மலை, அவள் நதி. பல மைல் தள்ளி மேட்டூர்ப் பக்கம் ஓடுகிற காவிரி இங்கே கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறாள். அளவுகோல் கொண்டு பார்த்தால் இது காங் மலையைக் காட்டிலும் பெரிய பிழை. ஆயினும் இந்த மலையில் பிறக்கும் திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரியில்தான் போய்ச் சேருகின்றன என்பதை நினைத்துப் பார்த்தால், தூரத்தை விட்டுவிட்டு உறவை மட்டும் குறித்துக்கொண்ட படமாக அந்தக் குகையை நான் காண்கிறேன். லாம்டனின் முக்கோணங்கள் சொல்லாத மெய் அது. லாம்டன் சொன்ன மெய்யை அந்தக் குகையும் சொல்லாது.

கல்லைக் கடவுளென்பதா என்று சித்தர்கள் பரிகசித்தார்கள். கல் கடவுளின் சாயலில் இருப்பதால் தொழவில்லை, ஆவாகனம் செய்ததால் தொழுகிறோம் என்பது ஆகமவாதிகளின் விடை. பழைய படத்தை நேசிப்பவனுக்கும் நான் இந்த விடையையே வழங்குவேன். ஒரு மனிதன் கண்ணையும் கையையும் கொடுத்து உழைத்த உழைப்பு அதில் குடியிருக்கிறது, ஆகையால் பிழையும் பொறுக்கத்தக்கதாகிறது. ஆனால் பக்தி எங்கே முடிகிறது, பேராசை எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் எனக்குத் தயக்கமில்லை. முழு அட்லாஸாக விற்பதைவிடத் தாள்தாளாக விற்றால் லாபம் என்று கண்ட வியாபாரிகள், புத்தகக் கட்டைப் பிரித்துப் படங்களைக் கிழித்தெடுக்கிறார்கள்; வாங்குகிறவனும் அதை அறிந்தே வாங்குகிறான். விக்கிரகத்தை உடைத்துக் கையையும் காலையும் தனித்தனியே விற்பதைப் பக்தி என்று ஒப்புக்கொள்ள என்னால் ஆகாது.

இந்தப் பேராசைக்கு எல்லை வகுக்க ஒரு வழி சமணரிடம் இருக்கிறது. ஐதராபாத்திலுள்ள கலாக்ருதி சேகரத்தில் சமணர்கள் துணியில் தீட்டிய பிரபஞ்சப் படங்களும் ஐரோப்பியரின் அச்சுப் படங்களும் ஒருங்கே இருக்கின்றன. 2015-ல் டில்லி தேசிய அருங்காட்சியகத்திலும் அவற்றைக் காட்சிக்கு வைத்தார்கள். ஜம்புத்வீபத்தையும் அதைச் சூழ்ந்த கடல்களையும் அத்தனை விஸ்தாரமாக வரைந்த அதே சமணர்கள், இல்லறத்தானுக்குத் திக்விரதம் என்றொரு கட்டுப்பாட்டையும் விதித்தார்கள். ஒவ்வொரு திசையிலும் இவ்வளவு தூரத்துக்கு மேல் போவதில்லை என்று அவன் தானே எல்லை வகுத்துக்கொள்ள வேண்டும். உடைமைக்கும் அப்படியே ஓர் அளவு. தமிழில் அருங்கலச்செப்பு இவ்விரதங்களைப் பேசுகிறது. துறவியைப்போல யாவற்றையும் விடச் சொல்லாமல், எவ்வளவு என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிடு என்று கேட்கும் இந்த ஏற்பாடு, சேகரிப்பவனுக்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. சேர்வராயன் மலை அடங்கிய தாளுக்கு மேல் வேறொன்றும் வாங்குவதில்லை என்று ஒருவன் சங்கல்பம் செய்துகொள்ளலாம். அப்போதும், ரயில் பாதை ஏறுவதற்கு முன் அச்சான தாளா, பின்பு அச்சான தாளா என்ற விசாரம் மிச்சமிருக்கும். அதற்கு எந்த சாஸ்திரத்திலும் விதியில்லை, அவன்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.