கடைசி வண்டி எங்கே?



யோசுவாவின் புஸ்தகம் மூன்றாம் அதிகாரத்தை எத்தனையோ தரம் வாசித்திருப்பீர்கள். யோர்தான் பிரிந்த அற்புதத்தைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்களும் கேட்டிருப்பீர்கள். ஆனால் தண்ணீர் பிரிவதற்கு முன்னாலே, நான்காம் வசனத்திலே, ஒரு அளவு சொல்லப்பட்டிருக்கிறதே, அதைக் கவனித்தீர்களா? உடன்படிக்கைப் பெட்டிக்கும் ஜனங்களுக்கும் நடுவே இரண்டாயிரம் முழம் இடைவெளி விடவேண்டுமாம். நம்ம கணக்குக்கு ஏறக்குறைய 900 மீட்டர்.

ஏன் இவ்வளவு தூரம்? "பெட்டி பரிசுத்தமானது, கிட்டே போகக்கூடாது" என்று நாம் உடனே பதில் சொல்லிவிடுகிறோம். அதுவும் உண்மைதான். ஆனால் அந்த வசனம் வேறொரு காரணத்தைச் சொல்லுகிறது. அது அவர்கள் அதுவரைக்கும் கால் வைக்காத பாதை. எந்தப் பக்கம் போகிறதென்று எல்லாருக்கும் தெரியவேண்டும். முன்னால் நிற்கிற நாலு பேர் பெட்டியை ஒட்டிக்கொண்டு நடந்தால், பின்னால் வருகிறவனுக்கு என்ன தெரியும்? முன்னால் போகிறவன் முதுகுதான் தெரியும்! கடைசி வரிசையில், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிற ஒரு தாய்க்கும் பெட்டி தெரியவேண்டும் என்பதற்காகத்தான் முன்னால் இருக்கிறவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னார் நம்முடைய ஆண்டவர். ஸ்தோத்திரம்!

இந்த வசனம் ஒரு டிசம்பர் மாதக் கடைசியில், கொல்லிமலைப் பாதையில், எனக்கு வேறு வெளிச்சத்தில் திறந்தது. அதைச் சொல்லுகிறேன்.

எங்கள் சபை மதுரையிலே. வாலிப சகோதரர்கள் ரொம்ப நாளாய் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்: "பாஸ்டர், பிராண்ட் பாட்டியம்மா கல்லறையைப் பார்க்கணும், பைக்கிலேயே போவோம்." சரி என்றேன். நாலு வண்டி, ஏழு பேர். மூத்தவர் எங்கள் உதவிக்காரர் ஒருவர். முப்பது வருஷம் லாரி ஓட்டி, இரட்சிக்கப்பட்டு, இப்போது சபையில் நாற்காலி போடுகிறது முதல் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது வரைக்கும் எல்லாம் செய்கிறவர். அவருடைய பழைய வண்டியில் பின்னால் நான். வண்டி ஓட்ட எனக்கு இடுப்பு ஒத்துழைப்பதில்லை.

திண்டுக்கல், கரூர், நாமக்கல் வரைக்கும் நாலுவழிச் சாலை. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. நாமக்கல்லில் திரும்பி சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினதும் ஊர் மாறிவிடுகிறது. மரவள்ளிக் காடு, வாழைத் தோப்பு, முன்னால் சுவர் மாதிரி மலை. காரவள்ளி என்கிற அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள்! ஒவ்வொரு வளைவிலும் எத்தனையாவது என்று எண் எழுதியிருப்பார்கள். எங்களில் ஒருவருக்கும் அந்த வழி தெரியாது. வழியில் பஞ்சர், டீ, சாப்பாடு என்று தாமதமாகி, அடிவாரம் போய்ச் சேரும்போதே மாலை ஐந்தரை. பனி இறங்க ஆரம்பித்துவிட்டது.

புறப்படுமுன் ஜெபம் பண்ணினோம். ஆமென் சொன்னவுடனே லாரி அண்ணன் ஒரு வார்த்தை சொன்னார். "தம்பிகளா, முன்னால போறவன் ரோட்டைப் பார்த்தாப் போதாது. கண்ணாடியில பின்னால வர்ற லைட்டையும் பார்க்கணும். லைட்டு தெரியலன்னா அங்கேயே நிக்கணும். அவன் நின்னா அவனுக்கு முன்னால போறவனும் நிக்கணும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். வாலிபப் பிள்ளைகள் தலை ஆட்டுவது உங்களுக்குத் தெரியுமே!

முதல் இரண்டு வண்டியும் பெரிய என்ஜின். பத்து வளைவுக்குள் சத்தம்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது நாங்கள். நாலாவது, தனியாக வந்த ஒரு தம்பி. அவன் அப்பா விட்டுப்போன நூறு சி.சி. வண்டி. நாற்பத்தாறாவது வளைவு திரும்பும்போது அண்ணன் கண்ணாடியைப் பார்த்தார். இருட்டு. உடனே ஓரம் கட்டி, ஹெட்லைட்டைக் கீழ்ப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு நின்றார். போனை எடுத்தேன், சிக்னல் இல்லை. ஐந்து நிமிஷம். பத்து நிமிஷம். குளிரில் எனக்குப் பல் கிட்டுகிறது. "மெதுவா வருவான், நாம மேலே போய் டீக்கடையில நிப்போமே" என்று ஒருவருக்குத் தோன்றுவது இயற்கை. அண்ணன் அசையவில்லை.

கடைசியில் அந்தத் தம்பி வந்தான். வண்டியைத் தள்ளிக்கொண்டு! பெட்ரோல் தீர்ந்துவிட்டது. "ஏன்டா, நாமக்கல்லுல எல்லாரும் டேங்க் நிரப்பினோமே?" என்று அண்ணன் கேட்டார். அவன் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் மெதுவாய்ச் சொன்னான். ஒரு மாசமாய் வேலை இல்லை. வீட்டுக்கும் தெரியாது, சபைக்கும் தெரியாது. நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டான், அதுவும் எல்லாரும் டீ குடிக்கும்போது யாரும் பார்க்காமல். ஏற்றத்தில் ரிசர்வும் காலி. "மேலே வந்து எல்லார் முன்னாடியும் கேட்க வெக்கமா இருந்துச்சுண்ணே. நீங்க எல்லாரும் போயிருப்பீங்கன்னு நினைச்சேன். நியூட்ரல்ல போட்டுக் கீழே உருட்டிக்கிட்டுப் போயிரலாம்னு வண்டியைத் திருப்பிட்டேன். அப்பத்தான் மேல் வளைவுல லைட்டு தெரிஞ்சுது."

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன். மலை இறக்கத்தில் என்ஜினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது என்றால் என்ன தெரியுமா? ஏறுகிற கியரிலேயே இறங்கவேண்டும் என்று டிரைவர்கள் சொல்வார்கள். அப்போதுதான் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். நியூட்ரலில் விட்டால் பாரம் முழுவதும் பிரேக்கின்மேல். நாற்பது வளைவு தொடர்ந்து பிடித்தால் டிரம் சூடேறி, மிதித்தாலும் பிடிக்காத நிலைமை வந்துவிடும். பனி, இருட்டு, ஒரு பக்கம் பள்ளம். இன்னும் ஐந்து நிமிஷம் முன்னால் நாங்கள் கிளம்பியிருந்தால் அந்தப் பிள்ளை அந்த வழியாய்த்தான் இறங்கியிருப்பான். அண்ணன் அவனைத் திட்டவில்லை. தன் வண்டியின் டியூபைக் கழற்றி, தண்ணீர் பாட்டிலில் ஒரு லிட்டர் பிடித்து, அவன் டேங்கில் ஊற்றினார். "ஏறுடா" என்றார். அவ்வளவுதான்.

முன்னால் போன இரண்டு வண்டியும் அதற்குள் எங்களைத் தேடிக் கீழே இறங்கி வந்துவிட்டன. "மேப் இருக்கே, வந்துருவீங்கன்னு நினைச்சோம்" என்றார்கள். தேவ பிள்ளைகளே, அந்தத் தம்பிக்கு மேப் இல்லாத குறையா? வழி அவனுக்குத் தெரியும். தொடர்ந்து போகத்தான் திராணி இல்லை.

அன்றிரவு தங்கின வீட்டில் வேதத்தைத் திறந்தபோது இடம் இடமாய் இதையே கண்டோம். உபாகமம் 25ஆம் அதிகாரத்தில் அமலேக்கைப் பற்றி மோசே ஞாபகப்படுத்துகிறான். அமலேக்கு எங்கே வந்து அடித்தான்? மோசேயின் கூடாரத்தையா? யுத்த வீரர் இருந்த பக்கத்தையா? இல்லை. இளைத்துப்போய், களைத்துப்போய்ப் பின்னால் தங்கினவர்களை அடித்தான்! சத்துரு முன்வரிசையில் கைதட்டுகிறவனிடம் வருவதைவிட, கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு முன்னாலே எழுந்து போகிறவனிடம்தான் முதலில் வருவான். எண்ணாகமம் 10ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யூதாவின் கொடி முன்னே போனது, எல்லாருக்கும் தெரியும். கடைசியில் போனது யார்? தாண் கோத்திரம். சகல பாளயங்களுக்கும் பின்காவல் அவர்கள். யூதாவைப் பற்றிப் பாட்டு இருக்கிறது, பிரசங்கம் இருக்கிறது. தாணைப் பற்றி யார் பேசுகிறார்கள்? ஆனால் அவர்களும் கர்த்தர் சொன்ன இடத்தில்தான் நடந்தார்கள்.

ஏன், கர்த்தரே அதைச் செய்தாரே! செங்கடல் முன்னால், பார்வோனின் இரதங்கள் பின்னால். அதுவரைக்கும் முன்னே போய்க்கொண்டிருந்த மேகஸ்தம்பம் என்ன பண்ணியது? இடம் மாறிப் பின்னால் வந்து நின்றது. அல்லேலூயா! வழிகாட்டுகிறவர் கடைசி ஆளின் பின்னால் போய் நிற்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது யாக்கோபின் பதில்தான். ஆதியாகமம் 33. ஏசா நானூறு பேரோடு வந்து, "வா, சேர்ந்தே போவோம்" என்று கூப்பிடுகிறான். யாக்கோபு மறுத்துவிடுகிறான். பிள்ளைகள் இளசு, கறவல் ஆடுமாடுகள் இருக்கின்றன, ஒருநாள் துரத்தி ஓட்டினாலும் மந்தை செத்துப்போகும். நான் மெதுவாய் அவர்கள் நடைக்குத்தக்கதாய் வருகிறேன் என்கிற அர்த்தத்தில் பேசுகிறான். பயத்தில் சொன்ன சாக்கு என்றும் சிலர் வியாக்கியானம் பண்ணுகிறார்கள், இருக்கட்டும். ஆனால் அன்றைக்கு யாக்கோபே நொண்டிக்கொண்டிருந்தான் என்பதை மறக்காதீர்கள். தொடைச் சந்து சுளுக்கின மனுஷனுக்குத்தான் ஆட்டுக்குட்டியின் நடை தெரிகிறது.

மறுநாள் வாழவந்திப் பக்கம் போனோம். ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் என்கிற அந்தத் தம்பதியர் 1913இல் விவாகம்பண்ணி இந்த மலைக்குக் குடியேறினபோது 70 வளைவும் கிடையாது, ஒரு வளைவும் கிடையாது. ஒற்றையடிப் பாதைதான். நடந்தும் டோலியிலும் ஏறினார்கள். ஜெஸ்ஸி ஐயா 1929இல் காய்ச்சலில் இந்த மலையிலேயே மரித்தார். அம்மையார் எழுபது வயதை நெருங்கினபோது மிஷன் சங்கத்தார் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அவர் திரும்பவும் மலைக்கே வந்தார்! மட்டக்குதிரையில் ஏறி ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போனார். விழுந்து எலும்பு முறிந்தபிறகு இரண்டு மூங்கில் கம்பை ஊன்றி நடந்தார். 1974இல், 95 வயதில், கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெரிய பட்டணத்தில் ஊழியம் செய்ய ஆட்கள் இருந்தார்கள். மலைமேல் இருக்கிற கடைசிக் குடிசைக்கு யார் போவார் என்பதுதான் அந்த அம்மாவின் பாரம்.

அவர்களுடைய மகன் டாக்டர் பால் பிராண்ட், 1914இல் பிறந்து, இந்தக் கொல்லிமலையில் வளர்ந்தவர். 1946இல் வேலூர் ஆஸ்பத்திரிக்கு வந்து, குஷ்டரோகிகளின் மடங்கிப்போன கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்றுதான் அதுவரைக்கும் அநேகர் நினைத்திருந்தார்கள். அவர் கவனித்துப் பார்த்தார். வியாதி நரம்பைக் கெடுக்கிறது. வலி தெரியாமல் போகிறது. சூடான பாத்திரத்தைத் தொட்டாலும் கை பின்வாங்குவதில்லை. சில நோயாளிகளுடைய விரல் ராத்திரியில் காணாமல் போனது. எப்படி என்று காவல் இருந்து பார்த்தால், எலி கடித்துக்கொண்டு போகிறது! தூங்குகிறவனுக்குத் தெரியவே இல்லை. அதற்குப் பிறகு அவர்களுக்குப் பூனைகளைக் கொடுத்தார்களாம்.

இதைக் கல்லறைப் பக்கம் உட்கார்ந்து நான் சொன்னபோது முன்வண்டித் தம்பி ஒருவன் அழுதுவிட்டான். சபை சரீரம் என்று பவுல் அப்போஸ்தலன் எழுதுகிறான், ஒரு அவயவம் பாடுபட்டால் எல்லா அவயவமும் பாடுபடும் என்கிறான். அப்படியானால் ஒரு பிள்ளை ஒரு மாசமாய் வேலையில்லாமல், கையில் நூறு ரூபாயோடு நம் நடுவே உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறான். நமக்கு வலிக்கவில்லை என்றால், அது பலமுள்ள சரீரமா, மரத்துப்போன சரீரமா? பாஷைகளில் பேசுகிறோம், ஸ்தோத்திரம்! விரலை எலி கொண்டுபோகிறது தெரிகிறதா?

இறங்கும்போது வரிசையை மாற்றினோம். நூறு சி.சி. வண்டி இரண்டாவது; அதன் வேகம்தான் எல்லாருக்கும் வேகம். பெரிய வண்டிகளில் ஒன்று கடைசி. இரண்டாவது கியரை விடாமல், ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்து, ஏறி வருகிற வண்டிக்கு வழிவிட்டு, நிதானமாய் வந்தோம். அந்தத் தம்பிக்கு வேலை தேடும் விஷயத்தையும் லாரி அண்ணனே கையில் எடுத்துக்கொண்டார்; தெரிந்த ஒரு பட்டறையில் சேர்த்துவிட்டார்.

சபையிலும் ஒரு சின்ன மாற்றம் வந்திருக்கிறது. எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபத்துக்கு ஒரு சகோதரி எப்போதும் பிந்தித்தான் வருவார். மூன்று வீட்டில் சமையல் வேலை முடித்து, எட்டரை மணி டவுன் பஸ்ஸைப் பிடித்து வரவேண்டும். அவர் வருவதற்குள் சாட்சி நேரம் முடிந்திருக்கும். நாலு வருஷமாய் அவர் ஒரு சாட்சியும் சொன்னதில்லை. சொல்ல ஒன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தார்கள். இப்போது வாலிபர்கள் சாட்சி நேரத்தைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். மூப்பர் ஒருவருக்கு இதில் சம்மதமில்லை. "ஒரு ஆளுக்காக ஒழுங்கை மாத்துறதா? நாளைக்கு ஒவ்வொருத்தரும் பிந்தி வர ஆரம்பிப்பாங்க" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நேரத்துக்கு வருகிறது தேவனைக் கனம்பண்ணுவதுதான். நானும் அவரும் இதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் போன வெள்ளிக்கிழமை எட்டே முக்காலுக்கு அந்தச் சகோதரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தபோது, அவருக்கு முதலில் பாய் விரித்துக் கொடுத்தது அந்த மூப்பரேதான்.