திருத்திய ஒளி: கண்டதா, கருதியதா?

ஓர் அளவீட்டில் புகுந்த குறையைக் கணக்கிட்டு நீக்கிய பிறகு கையில் மிஞ்சுவது காட்சியா, கருதலா? அறியும் வழிகளான அளவைகளைப் பேசிய தமிழ் நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியாகவே வைத்தன. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதை’ அளவைகளை எண்ணிச் சொல்லி, அவற்றில் நேரும் குற்றங்கள் எட்டுக்கும் பெயரிடுகிறது. சிவஞான சித்தியார் அளவைகள் அனைத்தையும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. ஒளியை அளக்கும் துறைகளுக்குள் நுழைந்தால் காண்டலுக்கும் கருதலுக்கும் நடுவே உள்ள கோடு கலங்கிவிடுகிறது. அங்கே கருதல் கலக்காத காட்சி என்று ஒன்று அனேகமாக இல்லை. முதலில் வானியலைப் பார்ப்போம்.

திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். வானியலாளர் வைணு பாப்பு 1960களின் இறுதியில் அங்கே வானாய்வைத் தொடங்கினார். 1972இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கியும், 1986இல் இந்தியாவிலேயே உருவான 2.34 மீட்டர் தொலைநோக்கியும் வந்தன. வானாய்வகமும் பெரிய தொலைநோக்கியும் இன்று அவர் பெயரையே தாங்குகின்றன.

தலைக்கு நேர் மேலே உள்ள விண்மீனின் ஒளி கடந்து வரும் காற்றின் தடிமனை 1 என்று வைத்தால், உச்சியிலிருந்து 60 பாகை சாய்ந்த விண்மீனுக்கு அது 2. ஓர் இரவில் காற்றுத் தடிமன் ஒன்றுக்கு 0.3 ஒளித்தரம் இழப்பு என்று கொண்டால், சாய்ந்த விண்மீன் உச்சியில் இருந்ததைவிடக் கிட்டத்தட்ட கால்பங்கு ஒளியை இழந்து தெரியும். விண்மீனுக்கு ஒன்றும் நேரவில்லை. பிரான்சின் பியர் பூகே 1729இல் எழுதிய நூலிலிருந்து தொடரும் முறை ஒன்று இதைத் திருத்துகிறது. காற்றுத் தடிமனைக் கிடையாகவும் ஒளித்தரத்தை நெடுக்காகவும் குறித்தால், நல்ல இரவில் புள்ளிகள் நேர்கோட்டில் விழும். கோட்டை 1க்குக் கீழே சுழியம் வரை நீட்டினால், காற்றே இல்லாத இடத்தில் அந்த விண்மீன் காட்டும் ஒளி கிடைக்கும். தரையில் நிற்கும் எவரும் 1க்குக் கீழே ஒரு புள்ளியைக்கூட அளக்க முடியாது. ஆனாலும் தரையிலிருந்து அளந்து பட்டியலில் ஏறும் எண், யாரும் காணாத அந்தச் சுழியப் புள்ளிதான்.

மலைமேல் இரவு போகப் போகக் காற்றின் தெளிவும் மாறும் என்பதால், ஒளி மாறும் விண்மீனை அளப்பவர் அதன் பக்கத்திலேயே மாறாத ஒன்றைத் தேர்ந்துகொள்கிறார். முதலில் ஒப்பீட்டு விண்மீன், பிறகு அதனருகே வெறும் வானம், பிறகு ஆய்வுக்குரிய விண்மீன், மறுபடி வானம், மறுபடி ஒப்பீட்டு விண்மீன் என்று ஒளிமானி மாறி மாறிப் பார்க்கும். வானத்தின் சொந்த ஒளியைக் கழித்த பின்பே விகிதம் எடுக்கப்படும். ஒப்பீட்டு விண்மீன் மாறாதது என்பதற்கு என்ன சான்று? மூன்றாவதாக ஒரு சரிபார்ப்பு விண்மீன். அது மாறாதது என்பதற்கு? நான்காவது. எங்கோ ஓரிடத்தில் நிறுத்தி, இது மாறாது என்று ஏற்றுக்கொண்டால்தான் அன்றைய வேலை நடக்கும். அப்படி ஏற்கும் இடத்தை ஆராயாமல் விடுவதற்கு மணிமேகலையின் எட்டுக் குற்றங்களில் ஒரு பெயர் இருக்கிறது: தேராது தெளிதல்.

மாறுவதை அறிய மாறாதது ஒன்று வேண்டும் என்ற இந்தத் தேவையே தத்துவ வாதத்தின் மையம். கணந்தோறும் எல்லாம் அழிந்து பிறக்கின்றன என்ற பௌத்தருக்கு, ஒப்பீட்டு விண்மீனும் ஒத்த கணங்களின் தொடர்ச்சியே. நிலைபேறு என்பது அறிபவன் அதன்மேல் ஏற்றியது. சைவ சித்தாந்தம் எதிர்த்திசையில் போகிறது. மெய்கண்டாரின் சிவஞானபோதம் ஆறாம் சூத்திரத்தில், உயிரின் சுட்டறிவுக்கு எட்டுவது நிலையற்ற அசத்து என்றும், எவ்வகையிலும் அறியப்படாதது இல்பொருள் என்றும் இருபக்கமும் அடைத்து, சத்து இரண்டுக்கும் வேறானது என்று நிறுவுகிறது. சுட்டிக் காட்ட முடியாதது என்பதாலேயே ஒன்று இல்லாததாகிவிடாது. சுழியக் காற்றுப் புள்ளியும் அந்த வகையில் பேசத்தக்கதுதான், ஆனால் ஒப்புமையை அதற்கு மேல் இழுத்தால் அறுந்துவிடும். சித்தாந்தத்தின் சத்து நாளைய அளவீட்டால் பதவி இழப்பதில்லை. வானியலாளரின் மாறாத விண்மீன் எந்த இரவிலும் மாறும் விண்மீன்களின் பட்டியலுக்குப் போகலாம், அதில் யாருக்கும் வருத்தமில்லை. இந்த இடத்தில் அறிவியல் பௌத்தரைவிடவும் இளகியது, சைவரைவிடவும் இளகியது.

திருத்தம் உண்மையையே விழுங்கக்கூடும் என்பதற்குக் காவலூரிலேயே உதாரணம் உண்டு. 1977 மார்ச் 10 இரவு எஸ்ஏஓ 158687 என்ற விண்மீனுக்கு முன்னால் யுரேனஸ் கடக்க இருந்தது. ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் 1 மீட்டர் தொலைநோக்கியில் அந்த ஒளியைத் தொடர்ந்து பதிவு செய்தார்கள். கோளுக்கு வெளியே விண்மீன் இருந்த நேரத்தில் ஒளி சட்டென்று தாழ்ந்து மீண்டது. இப்படிப்பட்ட தாழ்வுக்கு மேகம் என்ற விளக்கம் எப்போதும் கைவசம் இருக்கும். ஏற்ற இறக்கத்தையெல்லாம் காற்றின் கணக்கில் எழுதி வளைவை மென்மையாக்கியிருந்தால் அந்தத் தாழ்வும் அதன் பின்னிருந்த யுரேனஸின் வளையமும் காற்றோடு போயிருக்கும். அவர்கள் அந்தத் தாழ்வை ஒரு புதிய துணைக்கோள் என்று வாசித்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த கைப்பர் என்ற வானாய்வு விமானத்தில் ஜேம்ஸ் எலியட் குழுவினர் கோளின் இருபுறமும் சமச்சீராகப் பல தாழ்வுகளைக் கண்டிருந்தார்கள். ஒரே மேகம் மலைக்கும் கடலுக்கும் குடை பிடிக்காது. அதே ஆண்டில் பட்டாச்சாரியாவும் பாப்புவும் எழுதிய கட்டுரை, யுரேனஸைச் சூழ்ந்து சனிக்கு உள்ளது போன்ற வளையத் தொகுதி இருப்பதாகப் பேசியது. தன் காட்சியை இன்னொருவர் கண்டது கொண்டு உறுதி செய்வது நியாய நூலார் சொல்லும் நம்பத்தக்கவர் உரைக்கு அருகே வரும். சித்தியாரின் உரை ஆகமத்தைக் குறிப்பது, அது வேறு.

இதே சிக்கல் ஒளிர்வு நுண்ணோக்கியில் கூர்மையடைகிறது. விண்மீனைப் பார்ப்பதால் விண்மீன் தேய்வதில்லை. செல்லுக்குள் புரதத்தோடு பிணைத்து வைத்த ஒளிர்சாயமோ பார்க்கப் பார்க்கத் தேயும். ஒளியை உண்டு கிளர்ந்த மூலக்கூறு, பெரும்பாலும் ஆக்சிஜனோடு வினைபுரிந்து, மீள முடியாதபடி அணைந்துவிடுகிறது. இதுவே ஒளிவெளுப்பு. நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்த படவரிசையில் கடைசிப் படம் முதல் படத்தைவிட இருண்டிருந்தால், புரதம் குறைந்ததா, சாயம் வெளுத்ததா என்று படத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது.

திருத்தும் வழிகள் பல. படங்களின் மொத்த ஒளி மாறாதென்று கொண்டு, ஒவ்வொரு படத்தையும் முதல் படத்தின் அளவுக்குப் பெருக்குவது எளிய வழி. தேய்வு அடுக்குக்குறி விதிப்படி நடக்கிறதென்று கொண்டு வளைவைப் பொருத்துவது இன்னொன்று. மூன்றாவது, ஒளியளவுகளின் பரவலையே முதல் படத்தின் பரவலோடு பொருத்துகிறது. செல்களின் ஓரத்தை அடையாளம் காணவும் அவற்றின் நகர்வைப் பின்தொடரவும் இது உதவும். புரதத்தின் அளவைச் சொல்ல இதை நம்பக்கூடாது, ஏனெனில் பரவலில் நேர்ந்த உண்மையான மாற்றத்தையும் இது துடைத்துவிடும். தூண்டப்படாத இன்னொரு செல்லை அதே ஒளிக்கு உட்படுத்தி அதன் தேய்வைக்கொண்டு வகுப்பதே இவற்றில் நேர்மையானது. காவலூரின் ஒப்பீட்டு விண்மீன் செய்யும் வேலைதான் அது. வானத்தைக் கழிப்பது போலவே இங்கும் கேமராவின் அடித்தள அளவை முதலில் கழித்தாக வேண்டும். அது வெளுப்பதில்லை, கழிக்காமல் விட்டால் விகிதம் பொய்யாகும்.

எந்த வழியும் இழந்ததைத் திருப்பித் தருவதில்லை. ஓர் இடத்திலிருந்து முதல் படத்தில் 400 ஃபோட்டான்கள் வந்தால் அதன் தற்செயல் ஏற்ற இறக்கம் சுமார் 20, அதாவது 5 விழுக்காடு. வெளுத்த பின் 100 வந்தால் ஏற்ற இறக்கம் 10. நான்கால் பெருக்கினால் 400 என்ற எண் மீளும், ஏற்ற இறக்கமும் 40 ஆகும். படம் முன்போலவே பளிச்சென்று இருக்கும், அதன் சாட்சிய பலம் பாதியாகிவிட்டிருக்கும். கண்ணுக்கு இது தெரியாது. திருத்திய படத்தோடு திருத்தாத மூலப்படத்தையும் வைத்திருக்க வேண்டியது இதனால்தான்.

சாயத்தின் தேய்வை மட்டுமே இந்தக் கணக்குகள் தொடுகின்றன. ஒளி செல்லையும் புண்படுத்துகிறது. வெளுக்கும்போது பிறக்கும் ஆக்சிஜன் வினைப்பொருள்கள் செல்லின் பிரிவைத் தாமதப்படுத்தலாம், நிறுத்தவும் செய்யலாம். அப்போது படவரிசை காட்டுவது பார்க்கப்பட்ட செல்லின் வாழ்வை. பார்க்கப்படாதிருந்தால் அது எப்படி நடந்துகொண்டிருக்கும் என்பதற்கு வரிசைக்குள் எந்தப் புள்ளியும் இல்லை, நீட்டுவதற்கு ஒரு கோடும் இல்லை. ஆய்வாளர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. அதே தட்டில் வளர்ந்த சில செல்களுக்கு ஒளியே காட்டாமல் வைத்து, முடிவில் ஒரே முறை படமெடுத்து, பிரிந்த செல்களின் எண்ணிக்கையை ஒப்பிடுகிறார்கள். எண்ணிக்கை ஒத்துப்போனால் படவரிசையை ஏற்கலாம். ஒத்துப்போகாவிட்டால் அந்த வரிசைக்குத் திருத்தம் கிடையாது, ஒளியைக் குறைத்துப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான்.