ஓய்வுநாள் யாருக்காக?

ஆறு நாள் உழைத்தவன் ஏழாம் நாள் ஓய்ந்திருக்கிறான். எதற்காக? மறுநாள் மீண்டும் நன்றாக உழைப்பதற்காக என்றே நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். இளைப்பாறுதல் செயலின் பொருட்டே என்று அரிஸ்டாட்டிலும் கருதினார். இந்த விடையின்படி ஓய்வு, உழைப்புக்கு ஏவல் செய்யும் பணியாளாகிவிடுகிறது. வாரந்தோறும் ஓய்வுநாளை ஒரு சாதனையாகக் கடைப்பிடிக்கும் கிறிஸ்தவர்கள் இதனை ஏற்பதில்லை.

'சபாத்' என்ற எபிரேயச் சொல்லின் வேர் 'நிறுத்துதல்' என்று பொருள்படும். தமிழ் விவிலியம் அதனை 'ஓய்வுநாள்' என்று வழங்குகிறது. மொழிபெயர்ப்புப் பணியில் காலம் கழிப்பவன் என்ற முறையில் இச்சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன். மழை ஓய்ந்தது என்கிறோம். மழை களைத்துப் போயிற்று என்பது அதன் பொருளன்று. படைப்பை முடித்த இறைவன் ஏழாம் நாள் ஓய்ந்திருந்தார் என்று ஆதியாகமம் கூறுவதும் அவ்வாறே. அங்கே களைப்புக்கு இடமில்லை. செய்தது நிறைவுற்றது, நிறுத்தினார்.

சுவிட்சர்லாந்து நாட்டு இறையியலாளர் கார்ல் பார்த் (1886–1968) இங்கே ஒரு நுட்பத்தைக் காட்டுகிறார். மனிதன் படைக்கப்பட்டது ஆறாம் நாளில். ஆகவே அவன் கண்ட முதல் முழுநாள் இறைவனின் ஓய்வுநாளே. அதுவரை அவன் எந்த வேலையும் செய்திருக்கவில்லை! அப்படியானால் ஓய்வு என்பது உழைத்துப் பெறும் கூலி அன்று. உழைப்புக்கு முன்பே அருளப்பட்ட கொடை.

யூதர்களின் ஓய்வுநாள் சனிக்கிழமை. கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாள் என்பதால் பெரும்பாலான கிறிஸ்தவர்கள் ஞாயிற்றுக்கிழமையைக் கொண்டனர். கி.பி. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன், அன்று நீதிமன்றங்களும் நகரத் தொழிற்கூடங்களும் மூடப்பட வேண்டும் என ஆணையிட்டார். உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்.

வேலையை நிறுத்துவது வெளிப்பார்வைக்கு எளிது. கடையை அடைத்துவிடலாம், கணக்கை மூடி வைக்கலாம். மனமோ, 'நான் இல்லாவிட்டால் இது எப்படி நடக்கும்?' என்று உள்ளே உழன்றுகொண்டே இருக்கும். வாரம் ஒருமுறை அந்தக் கேள்வியை நேருக்கு நேர் சந்திக்க வைப்பதே இச்சாதனை. 'நானே செய்பவன்' என்ற எண்ணத்தை வேதாந்தம் விசாரத்தால் கரைக்க முயல்கிறது. ஓய்வுநாள் அதை நாட்காட்டியைக் கொண்டு தடுத்து நிறுத்துகிறது. இரண்டும் ஒன்றே என்று அவசரப்பட்டுக் கூறிவிட வேண்டாம். எனினும் இரண்டும் எதிர்கொள்ளும் நோய் ஒன்றுதான்.

அடிமை வாணிகத்தை ஒழிக்கப் போராடிய ஆங்கிலேயர் வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் ஞாயிற்றுக்கிழமையைக் கருத்துடன் காத்தவர். 1801-இல் புதிய அமைச்சரவை அமைந்தபோது, பதவி கிடைக்கலாம் என்ற எண்ணம் அவரைச் சில நாட்கள் அலைக்கழித்தது. ஞாயிறு வந்து, அந்த ஆசை சிறுத்துப்போனதைத் தமது நாட்குறிப்பில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் இதை ஒருவனுடைய மன அமைதிக்கான வழியாக மட்டும் கொண்டால் கட்டளையில் பாதியை விட்டுவிட்டவர்கள் ஆவோம். பத்துக் கட்டளைகள் விவிலியத்தில் இருமுறை வருகின்றன. ஓய்வுநாளுக்கு யாத்திராகமம் கூறும் காரணம் படைப்பு. உபாகமம் கூறும் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப் போலவே ஓய்ந்திருக்க வேண்டும். மாடும் கழுதையும், உன் ஊரில் வந்து தங்கிய அயலானும்கூட. பிறர் உழைப்பின்மேல் சாய்ந்துகொண்டு நான் இளைப்பாறினால் அது ஓய்வுநாள் ஆகாது.

வரலாற்றில் இப்பகுதி எளிதாக மறக்கப்பட்டது. வில்பர்ஃபோர்ஸ் காலத்து ஜமைக்காவின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கும் ஞாயிறு 'விடுமுறை'தான். அந்த நாளில்தான் அவர்கள் தங்கள் வயிற்றுக்கு வேண்டியதைத் தங்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தில் பயிரிட்டுக்கொள்ள வேண்டும். மிஞ்சியதைச் சந்தைக்குச் சுமந்து சென்று விற்க வேண்டும். எசமானர்கள் கிறிஸ்தவர்களே.

அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. கட்டளை தரும் பட்டியலில் மகன், மகள், பணியாள், பணிப்பெண், கால்நடை, அயலான் என எல்லோரும் இருக்கிறார்கள். மனைவி என்ற சொல் மட்டும் இல்லை. 'நீ' என்பதிலேயே அவளும் அடக்கம் என்று உரையாசிரியர்கள் விளக்குவார்கள். இருக்கலாம். ஆனால் எந்த மதத்தவர் வீடாயினும், விடுமுறை நாளில்தான் சமையல் விரிவாக நடக்கிறது. அடுப்படியில் நிற்பவருக்கு அன்று வேலை இரட்டிப்பாகிறது.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் பழைய பிரஸ்பிட்டீரியன் குடும்பங்கள் தண்ணீர் இறைப்பது, எரிபொருள் கொண்டுவருவது, உருளைக்கிழங்கின் தோலைச் சீவுவது எல்லாவற்றையும் சனிக்கிழமையே முடித்துவைப்பார்கள். வெளியார் இதைக் கண்டு கடும் ஆசாரம் என்று நகைத்ததுண்டு. அந்த வீட்டுப் பெண்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ!