யார் செய்த பிழை?



டவுன் சிண்ட்ரோம் என்று டாக்டர்கள் சொல்லும் நிலையில், முகச்சாயலும் புத்தி வளர்ச்சியும் வேறுபட்ட ஒரு குழந்தை பிறந்துவிட்டால், வீட்டில் எழும்பும் முதல் கேள்வி, "இது யாராலே வந்தது?" என்பதுதான். மாமியார் மருமகளைப் பார்க்கிறாள். மருமகளோ, கிரகணத்தன்று வெளியே வந்தேனோ என்று தன்னையே நொந்துகொள்ளுகிறாள். கல்பாக்கத்தார் நாம், 1983-ல் இயங்கத் தொடங்கிய அணு உலையையும் சேர்த்துக்கொள்ளுகிறோம்.

மனித உயிரணுவில் குரோமோசோம் என்னும் நுண்ணிய இழைகள் சாதாரணமாக 46, அதாவது 23 ஜோடி உண்டு. கருமுட்டை உருவாகையில் ஒவ்வொரு ஜோடியும் பிரிந்து, ஒன்று மாத்திரம் முட்டையில் தங்கவேண்டும். எப்போதாவது 21-ம் ஜோடி பிரியாமல் நின்றுவிடுகிறது. அப்போது குழந்தைக்கு 47 ஆகிறது. 1959-ல் ஜெரோம் லெஜூனும் அவரோடு உழைத்த மார்த் கோத்தியே முதலானோரும் பாரீஸில் இதை வெளியிட்டார்கள்.

இந்தப் பிரிவினை எப்போது தொடங்குகிறது தெரியுமா? தாயானவள் தன் தாயின் கர்ப்பத்தில் இருக்கும்போதே! அங்கே ஆரம்பித்து, நடுவழியில் நின்று, இருபது முப்பது வருஷம் காத்திருந்து, பிற்பாடு முடிகிறது. காத்திருப்பு நீள நீளப் பிழைக்கு இடம் அதிகம்: இருபது வயதில் ஏறக்குறைய 1,500 பிரசவத்துக்கு ஒன்று, நாற்பதில் 100-க்கு ஒன்று. குற்றவாளியைத் தேடுகிறவர்கள் பாட்டியின் வயிறு வரைக்கும் போகவேண்டியிருக்கும். சில வேளை பிழை தகப்பன் பக்கத்திலும் நேரிடுகிறது. அதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

கதிர்வீச்சோ? கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் உள்ள மோனசைட் கலந்திருப்பதால், அங்கே இயற்கைக் கதிர்வீச்சே மிகுதி. 1976-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி, அப்பக்கத்தில் இக்குழந்தைகள் அதிகம் என்றது. பிற்பாடு பல்லாயிரம் சிசுக்களைப் பரிசோதித்தபோது அந்த வித்தியாசம் காணப்படவில்லை. உலையின் பாதுகாப்பைப் பற்றிக் கேட்க நமக்கு உரிமை உண்டு. இந்தக் குழந்தையை அதற்குச் சாட்சியாக நிறுத்துவது நியாயமல்ல.

விஞ்ஞானிகள் இதைப் பிழை என்கிறார்கள். நம் பாஷையில் தவறிப்போனதும் பிழை, குற்றம் செய்ததும் பிழை. இங்கேதான் மனம் இடறுகிறது. பாவத்துக்கு அறிவும் மனச்சம்மதமும் வேண்டுமென்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறீர்கள். தான் பிறக்குமுன்னே தொடங்கிய பிரிவினைக்கு எந்தத் தாய் சம்மதம் கொடுத்தாள்? பிறவிக்குருடனைக் காட்டி, பாவம் இவனுடையதோ பெற்றோருடையதோ என்று சீஷர்கள் கேட்டபோது, சேசுநாதர் இரண்டையும் மறுத்தார். (அருளப்பர், 9-ம் அதிகாரம்.)

இக்குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு உண்டு. தாயை விசாரணை செய்கிற நேரத்தில், பிள்ளையைச் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போய் இருதயத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். சில குடும்பங்களில் மாத்திரம் இது தலைமுறையாய் வரக்கூடும். அடுத்த பிள்ளைக்கு முன் அதையும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். புருஷனும் கூடப் போகட்டும்.