மலிவான கடன் எது?



திடீரென்று 10,000 ரூபாய் தேவைப்படுகிறது. வீட்டில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை, அல்லது பிள்ளையின் ஃபீஸ் கட்ட நாளை கடைசி நாள். எங்கே போவது? அடகுக் கடை இருக்கிறது, தண்டல்காரர் இருக்கிறார், ஐந்து நிமிடத்தில் பணம் தரும் செல்போன் ஆப்களும் இருக்கின்றன.

தண்டலை மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 10,000 கேட்டால் 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்ட வேண்டும். பார்வைக்கு 15 சதவீதம்தான். ஆனால் அசல் தினமும் குறைவதால், சராசரியாக நம்மிடம் நிற்பது 4,250 ரூபாய். அதற்கு மூன்று மாதத்தில் 1,500 என்றால், பத்து வட்டிக்கும் மேல்! 2003 முதல் தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குத் தடைச் சட்டம் இருக்கிறது. அதற்கு 1,400 ஆண்டுகளுக்கு முன்பே அல்லாஹ் வட்டியை ஹராமாக்கிவிட்டான்.

இது தெரிந்தும் நம் சகோதரர் ஏன் அங்கே போகிறார்? தண்டல்காரர் காரணம் கேட்பதில்லை. நம்மிடம் வந்தால், "போன மாதம்தானே பைக் வாங்கினாய்?" என்று கேட்கிறோம். அஸருக்குக் கேட்ட கடன் இஷாவுக்குள் டீக்கடைக்குப் போய்விடுகிறது. தன் மானத்தைக் காத்துக்கொள்ள அவர் வட்டி கட்டுகிறார். அந்த 1,500 ரூபாய், நம் நாக்குக்காக அவர் கட்டிய அபராதம்.

"ஹஜ்ரத், கொடுத்தால் திரும்பி வருவதில்லையே" என்பீர்கள். அதுவும் உண்மைதான். தண்டலுக்குப் பயந்து தினமும் கட்டுகிறவர், வட்டியில்லாமல் கொடுத்த சகோதரரைக் கண்டால் வேறு தெருவில் போகிறார். அவர் ஏமாற்றுவது ஒருவரை மட்டுமல்ல; அடுத்து வரும் ஏழைக்கும் கதவை அடைத்துவிடுகிறார்.

ஒரு ஜனாஸா கொண்டுவரப்பட்டது. மூன்று தீனார் கடன் இருக்கிறது, அடைக்க எதுவும் விட்டுச் செல்லவில்லை என்று தெரிந்ததும், நபி (ஸல்) அவர்கள் தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூ கத்தாதா (ரலி) அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட பிறகே தொழுவித்தார்கள். புகாரியில் பதிவான செய்தி இது. வெறும் மூன்று தீனார்!

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதிக்கொள்வதைப் பற்றியது. ஆகவே சிறு தொகையானாலும் தவணையோடு எழுதுங்கள். எழுதுவது சந்தேகம் அல்ல, இருவருக்கும் பாதுகாப்பு. வாங்கியவர் உண்மையிலேயே சிரமத்தில் இருந்தால் அவகாசம் கொடுங்கள். விட்டுக்கொடுப்பது இன்னும் சிறந்தது என்று 2:280 கற்றுத்தருகிறது. பல மஹல்லாக்களில் பைத்துல்மால் மூலம் வட்டியில்லா நகைக்கடன் கொடுக்கிறார்கள். நம் மஹல்லாவிலும் வசதியுள்ள பத்துப் பேர் ஆளுக்கு 5,000 ஒதுக்கினால், ஒரே நேரத்தில் ஐந்து குடும்பங்களைத் தண்டலிலிருந்து காப்பாற்றலாம்.

மலிவான கடன் எது? வாங்கியவர் வாக்கைக் காத்து, கொடுத்தவர் வாயைக் காத்த கடன்தான்.

யா அல்லாஹ்! கடன் சுமையிலிருந்தும் வட்டியிலிருந்தும் எங்களைக் காப்பாயாக. தேவையோடு வருபவரின் மானத்தைக் காக்கும் மக்களாக எங்களை ஆக்குவாயாக. ஆமீன்.